மலாயாவின் முதற் பொதுத் தேர்தல்: ஒரு மதிப்பீடு

1955 ஆம் ஆண்டு யூலை மாதம் 27 ஆந் திகதி மலாயாக் கூட்டாட்சி முழுவதற்குமான முதற் பொதுத் தேர்தல் நிகழ்ந்தது. வாக்கெடுப்பு ஒரே நாளில் முடிவுற்றது. தேர்ந்தெடுக்கப்படவேண்டிய அங்கத்தவர் 52 பேர். அவருள் 51 பேர் துங்கு அப்துல் ரகுமான் தலைமை தாங்கிய கூட்டணியைச் சேர்ந்தோர். எஞ்சிய ஒருவர், பேராக்கிலுள்ள கிரியான் தொகுதியில் அகில மலாயா இஸ்லாமியக் கட்சியின் பெயரால் நின்று வென்ற ஹாஜி அகமது துவான் உசேன் என்பார். இரண்டாண்டு கழித்து, 1957 ஆகஸ்து 31 ஆந் திகதி, நாடு சுதந்திரம் பெற்றது.

இத்தேர்தலைப் பற்றி இரு தீர்ப்புகள் வழங்கி வருகின்றன. மலாயர், சீனர், இந்தியர் என்னும் மூவினத்தாரும் ஒரு குடைக்கீழ் நின்று ஒரே குரலில் விடுதலை கேட்டனர் என்பது ஒன்று. மலாயர் தமக்குள்ளே நடத்திய தேர்தலே அது, மற்றையோர் கரையில் நின்று பார்த்திருந்தனர் என்பது மற்றொன்று. இவை ஒன்றையொன்று மறுப்பன. ஆயினும் இரண்டும் ஒரே எண்ணையே, 51 என்னும் அவ்வெண்ணையே, சான்றாகக் காட்டுகின்றன. ஒரே சான்று மாறுபட்ட இரு முடிபுகளுக்கு இடந்தருமாயின், முடிபுகளை விடுத்துச் சான்றினையே மீண்டும் ஆராய்தல் முறையாகும்.

வெற்றியின் பெருமையைப் பேசுவோர், அத்துணைப் பெரிய வெற்றி எதற்காக வேண்டப்பட்டது என்பதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. அன்றைய கூட்டாட்சிச் சட்டசபையின் அங்கத்தவர் தொகை 98. அவருள் 52 பேரே மக்களால் தெரிவு செய்யப்படுவோர். ஏனைய 46 பேரும் நியமனத்தாலோ பதவி வழியாலோ வருவோர். 100 பேருள் 60 பேர் மக்களாலே தெரிவு செய்யப்படல் வேண்டும் என்பது கூட்டணியாரின் கோரிக்கை. 1954 இல் துங்கு இலண்டன் சென்று, குடியேற்ற நாட்டு மந்திரியாகிய ஒலிவர் லிற்றெல்ரனிடம் நேரில் முறையிட்டும் அது கைகூடவில்லை. இதன் பொருளை அறியப் பெரிய கணக்கு வேண்டியதில்லை. 98 பேர் கொண்ட சபையிலே பெரும்பான்மைக்கு 50 பேர் வேண்டும். ஆகவே 52 தொகுதிகளில் 50 ஐ வெல்லும் கட்சியன்றி வேறெக்கட்சியும் தன் சொந்த வலிமையால் ஆட்சி நடத்த இயலாது. பொறுப்பாட்சியை வலக்கையாற் கொடுத்து இடக்கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

கூட்டணியார் 1954 யூன் மாதத்தில் தம்மவரைச் சபைகளினின்றும் விலக்கிக்கொண்டனர். சில வாரங்களுள், 'அலேட்' என்னும் கடற்படைக் கப்பலில் உயர் ஆணையாளர் சேர் டொனால்ட் மக்கிலிவ்ரே துங்குவைச் சந்தித்து ஓர் இணக்கங் கண்டார். நியமன இடங்களுள் ஐந்தினை வெல்லுங் கட்சியின் தலைவரைக் கலந்தே நிரப்புவது என்பது அவ்விணக்கம். ஐந்து என்பது சிறிய எண்ணே. ஆயினும் 50 தொகுதிகள் வேண்டிய இடத்தில் 45 போதும் என்னும் நிலையை அது உண்டாக்கிற்று. யாழ்ப்பாணத்தார் 1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தமை இவ்விடத்து நினைவுக்கு வரும். வட மாகாணத்துத் தொகுதிகள் நான்கு 1934 வரை அங்கத்தவரின்றிக் கிடந்தனவேயன்றிச் சலுகை ஒன்றும் கிட்டவில்லை. மலாயாவில் விலகியோர் நாட்டின் பெரும்பான்மைப் பலத்தோடு விலகினர். இங்கே விலகியோர் ஒரு மூலையில் நின்று விலகினர். ஒரே ஆயுதம் பிடிக்கும் கையின் வலிமைக்கேற்பப் பயன் தரும்.

இனி, வாக்காளர் இடாப்பினை நோக்கலாம். திறனாய்வாளன் தங்கவேண்டிய இடம் இதுவே. இடாப்பிற் பதியப்பெற்றோர் ஏறத்தாழ 12,80,000 பேர். அவருள் நூற்றுக்கு 84 பேர் மலாயர். 11 பேர் சீனர். இந்தியரும் பிறருமாகச் சேர்ந்தோர் 5 பேருக்குங் குறைவு. நாட்டின் குடிசனத் தொகையோ முற்றிலும் வேறானது. 1957 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மலாயர் நூற்றுக்கு 50 பேரினுஞ் சற்றுக் குறைவு. சீனர் 37 பேர். இந்தியர் 11 பேர். நூற்றுக்கு 37 பேராய் வாழ்ந்த ஓரினம் வாக்குச் சாவடியில் 11 பேராய்ச் சுருங்கிற்று. நூற்றுக்கு 11 பேராய் வாழ்ந்த மற்றோரினம் 5 பேருக்குங் குறைந்தது.

இச்சுருக்கத்துக்குக் காரணம் ஒன்றன்று. 1948 ஆம் ஆண்டுக் கூட்டாட்சி உடன்படிக்கை, சுல்தான்மாரின் குடிகளாகிய மலாயரை இயல்பாகவே பிரசைகளாகக் கொண்டது. மற்றையோர் பிறப்பும் வசிப்பும் பெற்றோர் பிறப்புங் காட்டியே அவ்வுரிமையைப் பெறவேண்டியிருந்தது. 1952 இல் விதிகள் சிறிது தளர்த்தப்பட்டன. தளர்ந்த பின்னரும், பிரசாவுரிமை பெற்ற சீனருட் பலர் இருபத்தொரு வயது நிரம்பாதோர். வயது நிரம்பியோருட் பலர் பெயர் பதிய முன்வந்திலர். பதிதல் கட்டாயமன்று. நாட்டிலோ 1948 முதல் அவசரகால நிலை. காட்டோரங்களில் வாழ்ந்த ஐந்து இலட்சத்தின் அளவான மக்கள், பெரும்பாலும் சீனர், முட்கம்பி வேலியிட்ட புதுக் கிராமங்களிலே குடியேற்றப்பட்டிருந்தனர். பெயர், விலாசம், கைவிரலடையாளம் ஆகியவற்றை அரசாங்கத்துக்குக் கொடுத்துக் கொடுத்து அலுத்தவன், இன்னுமொரு பத்திரத்திற் பெயரெழுத விரைவானென எதிர்பார்த்தல் கூடாது.

இறப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் நிலையும் இத்தகையதே. இரு தலைமுறை அம்மண்ணில் உழைத்தோரும் இந்தியாவையே தாய்நாடென எண்ணியிருந்த காலம் அது. 1946 இல் அமைந்த மலாயா இந்தியக் காங்கிரசு தன் தொடக்க நாட்களில் இந்திய அரசியலையே நோக்கி நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தோரைப் பற்றித் தனியே கூறவேண்டுவதில்லை. மலாயாப் பென்சனியர் என்றால் யாரென்பதை வடபகுதிக் கிராமங்கள் நன்கறியும். உழைப்பது அங்கே, வீடு கட்டுவது இங்கே என்று வாழ்ந்த ஒரு கூட்டத்தார்க்கு, வாக்கு அங்கேயா இங்கேயா என்னும் வினா 1955 வரை தோன்றவேயில்லை. தோன்றியபோது காலங் கடந்திருந்தது. விதிவிலக்கும் உண்டு. இலங்கைத் தமிழ் மரபினரான ஈ. ஈ. சி. துரைசிங்கம் பல்லினத் தலைவர்கள் கூடிய சமூகத் தொடர்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1951 முதல் கல்விப் பகுதிக்குப் பொறுப்பான அங்கத்தவராகவும் விளங்கினார். ஆயினும் அவர் பெற்றது நியமனத்தால் வந்த செல்வாக்கு. வாக்குப்பெட்டி வந்ததும் அத்தகைய செல்வாக்கின் காலம் முடிந்தது.

இடாப்பினை இவ்வாறு நோக்கியபின், மலாயர் தேர்தலே அது என்னுந் தீர்ப்பு வென்றுவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் அபேட்சகர் பட்டியல் அவ்வாறு முடிவுகட்ட விடாது. கூட்டணி நிறுத்திய 52 பேருள் மலாயர் 35 பேர், சீனர் 15 பேர், இந்தியர் இருவர். சீனரும் இந்தியருமாகிய 17 பேரும் வென்றனர், ஒருவரும் எஞ்சாமல். இரண்டே இரண்டைத் தவிர மற்றெல்லாத் தொகுதிகளிலும் மலாய் வாக்காளரே பெரும்பான்மையர் என்பதையும் உடன் வைத்து எண்ணவேண்டும். எனவே, குறைந்தது 15 தொகுதிகளில் மலாய் வாக்காளர் பெருந்தொகையினராய் வந்து, தம்மினத்தார் அல்லாத ஒருவருக்குத் தம் வாக்கை அளித்துள்ளனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கற்ற வி. தி. சம்பந்தன் வட கிந்தாத் தொகுதியில் வென்று தொழில் மந்திரியானது தமிழர் வாக்கால் மாத்திரம் அன்று. அத்தனை தமிழர் வாக்கு அங்கே இருந்திலது. அடிமைப்பட்ட நாடுகளின் முதற்றேர்தல் வரலாற்றிலே, பெரும்பான்மை இனம் தானே இடாப்பை நிறைத்து நின்ற ஒரு நாளில், மூன்றிலொரு பங்கு இடத்தைப் பிறவினத்தார்க்குத் தன் கையால் வழங்கியதற்கு வேறு எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

இஃது உயர்ந்த செயலே. ஆயினும் இதனை நல்லுள்ளம் ஒன்றாலே விளக்க முயல்வது போதாது. அந்த வாக்காளன் முன்னே வைக்கப்பட்டிருந்தது யாது? கூட்டணியின் பாய்க்கப்பல் சின்னம். அக்கப்பலில் அமர்த்தப்பட்டவர் மலாயரா சீனரா என்பதைத் தலைவர்கள் மேலிருந்து தீர்மானித்தனர். அம்னோக் கிளைகளிற் சில, இடங்களின் மிகப் பெரும்பகுதி மலாயர்க்கே உரியது என்று வாதாடின. துங்கு அதனை வன்மையாக மறுத்து, 35 என்னும் எண்ணோடு அமையச் செய்தார். ஆகவே மூவினப் பங்கீடு தேர்தலிலே பிறந்ததன்று. தேர்தலுக்கு முன்னரே, பூட்டிய அறையிலே, சிலர் கூடிச் செய்த ஒப்பந்தம் அது. மக்கள் அதற்கு முத்திரையிட்டனர். மக்கள் இட்ட முத்திரையையும் தலைவர் எழுதிய ஓலையையும் பிரித்துணராமையே முதற் றீர்ப்பினரின் குறை. இரண்டாந் தீர்ப்பினரோ ஓலையை மட்டுங் கண்டு முத்திரையைக் காணாதவர்.

இந்த ஒப்பந்தத்தின் பிறப்பும் கொள்கையாற் பிறந்த பிறப்பன்று. 1952 பெப்ரவரியில் கோலாலம்பூர் நகரசபைத் தேர்தல் வந்தது. அம்னோவின் உள்ளூர்க் கிளையும் மலாயாச் சீனர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் அந்த ஒரு தேர்தலுக்கென்று கைகோத்தன. மொத்தம் 12 இடங்களில் 9 இடங்கள் கிடைத்தன. வெற்றி கண்டபின் கை விலகவில்லை. கணக்கிலே தொடங்கிக் கொள்கையாகப் பின்னர் வளர்ந்த உறவு இது. அதனாலேயே இழிந்தது என்று கூறல் பொருந்தாது. ஊரிலே சம்பந்தங்கள் பலவும் சீதனக் கணக்கிலேயே தொடங்குகின்றன. அவற்றுட் சில நன்றாகவே நிலைக்கின்றன.

இதற்கு நேர்மாறாய்க் கொள்கையிலே தொடங்கியவர் ஒருவர் உண்டு. அவர் கதையே இத்தேர்தலின் உட்கதை. டத்தோ ஓன் பின் ஜஃபார் 1946 இல் அம்னோவை நிறுவியவர். மலாய் அரசர்களின் உரிமையைப் பறிக்க வந்த மலாயா ஐக்கியத் திட்டத்தை எதிர்த்து, அதுவரை அரசியல் அறியாத மலாய்க் கிராமங்களைத் தட்டியெழுப்பியவர். அத்திட்டம் 1948 இற் கைவிடப்பட்டது. அவ்வெற்றியின் உச்சியிலே நின்ற அவர், அம்னோவின் கதவை மற்றை இனத்தார்க்குந் திறந்துவிட வேண்டும் என்றார். கட்சி இசையவில்லை. 1951 இல் தாம் நிறுவிய கட்சியை விட்டுத் தாமே வெளியேறி, எல்லா இனத்தார்க்கும் பொதுவான மலாயாச் சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். இந்தியக் காங்கிரசும் முதலில் அவர் பக்கமே நின்றது. கோலாலம்பூரில் அப்புதிய கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். இனங்கடந்த கட்சியை, இரு இனக் கட்சிகளின் கூட்டு முறியடித்தது.

டத்தோ ஓன் அதன்மேற் செய்ததே இரங்கத்தக்கது. 1954 இல் நெகாரா என்னும் கட்சியை அமைத்து, இம்முறை மலாயர் நலனையே முன்னிறுத்தினார். கூட்டணியார் நாட்டைச் சீனர்க்கு விற்கின்றனர் என்று கூறி வாக்குக் கேட்டார். இடாப்பில் நூற்றுக்கு 84 பேர் மலாயராயிருந்த தேர்தலுக்கு இதைவிடப் பொருத்தமான வாதம் இருத்தல் அரிது. ஆயினும் நெகாராக் கட்சி நிறுத்திய 30 பேருள் ஒருவருந் தேறவில்லை. டத்தோ ஓன் தாமே ஜொகூர்ப் பாருவில், தம் சொந்த நாட்டில், தோற்றார். எல்லார்க்குமாகப் பேசியபோது மலாயர் அவரைக் கைவிட்டனர் என்பதும், மலாயர்க்காகப் பேசியபோதும் மலாயர் அவரைக் கைவிட்டனர் என்பதும் ஒருங்கே உண்மை. வகுப்புணர்ச்சியைத் தூண்டினால் வாக்கு விழும் என்பதைத் தவறாத விதியாகக் கொள்வோர், 1955 ஆம் ஆண்டு ஜொகூர்ப் பாருவை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

அவர் தோல்விக்குக் காரணம் யாது? பிரித்தானிய ஆட்சியாளரின் ஆதரவு பெற்றவர் என்ற பெயர் அவர்க்கிருந்தது. விடுதலைக்கு நாட்குறிக்க அவர் தயங்கினார். கூட்டணியார் நான்காண்டுகளுள் விடுதலை என்று நாட்குறித்தனர். கிராமத்து வாக்காளனின் முன் நின்ற வினா, சீனர்க்கு இடங்கொடுப்பதா இல்லையா என்பது அன்று. வெள்ளையர் எப்போது போவர் என்பதே. அவ்வினாவுக்குத் தெளிவான விடை சொன்னவன் பக்கம் வாக்குப் போயிற்று. சீன அபேட்சகர் பதினைவரும் அவ்விடையின் மறைவிலேயே கரையேறினர்.

தேர்தலிற் பேசப்பட்டவற்றைப் போலவே பேசாது விடப்பட்டவையும் ஆராய்ச்சிக்குரியன. மொழி அவற்றுள் தலையாயது. 1955 சனவரியில் மலாக்காவில், சீனர் சங்கத் தலைவர் தான் செங் லொக்கின் இல்லத்திலே, துங்கு சீனக் கல்வி இயக்கத்தாரைச் சந்தித்தார். சீனத்தை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்கும் கோரிக்கையைத் தேர்தல் முடியும்வரை எழுப்பாதிருக்கும்படி அவர்களை வேண்டி இசைவித்தார். சீனப் பாடசாலைகள் அழிக்கப்படமாட்டா என்னும் உறுதி அதற்கு ஈடாயிற்று. பிணக்கு தீர்க்கப்படவில்லை; தவணை மாற்றப்பட்டது. எனினும் தவணை பெற்ற காலம் வீணே கழிந்ததென்று கூற இயலாது. 1956 இல் வெளிவந்த ரசாக் அறிக்கை, மலாய் மொழியைக் கட்டாய பாடமாக்கியவிடத்தும், தமிழ், சீன ஆரம்பப் பாடசாலைகளைத் தேசியக் கல்வி அமைப்பினுள் ஏற்றுக்கொண்டது. அதே 1956 இலேதான் இலங்கைப் பாராளுமன்றம் சிங்களத்தைத் தனி அரசகருமமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. மலாயாவிற்கு மிகையான புகழுரை தேவையில்லை: 1961 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சீன மொழி இடைநிலைப் பாடசாலைகளின் அரசாங்க உதவியை நிறுத்திற்று. ஆயினும் அங்குள்ள தமிழ் ஆரம்பப் பாடசாலை இன்றும் நடைபெறுகின்றது.

அவசரகால நிலையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். தடைசெய்யப்பட்ட பொதுவுடைமைக் கட்சி காட்டிலிருந்தது. வாக்குச்சீட்டில் அதற்கு இடமில்லை. காட்டிலுள்ளோர்க்குப் பொது மன்னிப்பு அளிப்பதாகக் கூட்டணி வாக்களித்து, வென்றபின் அவ்வாறே அறிவித்தது. 1955 டிசெம்பர் 28, 29 ஆந் திகதிகளில் பாலிங்கில் துங்குவும் சின் பெங்கும் சந்தித்தனர். பேச்சு முறிந்தது. ஆயினும், பாதுகாப்பு அதிகாரம் தெரிவு செய்யப்பட்ட அரசாங்கத்தின் கைக்கு வருமாயின் போரை நிறுத்துவோம் என்று சின் பெங் கூறியது, அடுத்த மாதம் இலண்டன் மாநாட்டிலே துங்குவின் கையைப் பலப்படுத்திற்று. வாக்குச்சீட்டில் இல்லாத கட்சியும் தேர்தலின் பயனை வளர்க்க உதவிய விந்தை இது.

வாக்குகளை எண்ணினால் மற்றொரு குறை புலப்படும். கூட்டணிக்குக் கிடைத்தவை நூற்றுக்கு 82 அளவினவாகிய வாக்குகள். இடங்களோ நூற்றுக்கு 98. நெகாராக் கட்சி நூற்றுக்கு 8 அளவினவாகிய வாக்குகளைப் பெற்றும் சபையில் ஓரிடமும் பெறவில்லை. அதிற் பாதியளவே பெற்ற இஸ்லாமியக் கட்சி ஓரிடம் பெற்றது. தொகுதிக்கொருவர் என்னும் ஆங்கில முறை, பரந்து கிடக்கும் ஆதரவைத் தண்டித்து ஓரிடத்திற் குவிந்த ஆதரவுக்குப் பரிசளிக்கும். எதிர்க்கட்சி ஒருவரேயான சபையிலே, எதிர்ப்பு கட்சிக்கு வெளியே இல்லாவிடின் கட்சிக்கு உள்ளே பிறக்கும். 1959 யூலையில் அது பிறந்தது. சீனர் சங்கத்தின் புதிய தலைவர் லிம் சொங் யூ 104 தொகுதிகளில் 40 தொகுதிகள் கேட்டார், துங்கு மறுத்தார், 31 உடன் சங்கம் அடங்கிற்று. 1952 இல் உள்ளூர்க் கிளைகள் இரண்டு ஒத்த நிலையில் நின்று செய்த கைகோப்பு, ஏழாண்டுகளில் கொடுப்போன் கொள்வோன் உறவாக மாறியிருந்தமை அன்று தெரிந்தது.

இலங்கை வாசகன் இத்தேர்தலைத் தன் நாட்டின் 1947 ஆம் ஆண்டுத் தேர்தலோடு ஒப்பிடாமல் விடுதல் இயலாது. இரண்டும் விடுதலையின் வாயிற்படியில் நிகழ்ந்தவை. இங்கே வாக்கெடுப்பு 19 நாட்களில் நடந்தது. அங்கே ஒரு நாளில். இங்கே தெரிவு செய்யப்பட்ட 95 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 42 ஐயே பெற்றுச் சுயேச்சையாளரின் துணையை நாடிற்று. அங்கே வெற்றி முழுமையாயிற்று. இவை மேற்போக்கான வேற்றுமைகள். ஆழ்ந்த வேற்றுமை காலவரிசையிலே கிடக்கின்றது. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் 1947 இல் வாக்களித்தனர்; இலங்கை இந்தியக் காங்கிரசு 6 தொகுதிகளில் வென்றது. வாக்களித்த மறு ஆண்டில், 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தற் சட்டமுந் திருத்தப்பட்டது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசுக்கு ஓரிடமேனுங் கிடைக்கவில்லை. தமிழ்க் காங்கிரசு இதே பிரச்சினையாற் பிளவுண்டு, 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. மலாயாத் தோட்டத் தொழிலாளரோ 1955 இற் பெரும்பாலும் வாக்களிக்கவில்லை. விடுதலையோடு பிரசாவுரிமைக் கதவு அவர்க்குத் திறந்தது. இங்கே வாக்கு முந்திற்று, நாடு பிந்தி நழுவிற்று. அங்கே நாடு முந்தி வந்தது, வாக்கு அதன்பின் வந்தது.

இரு நாட்டு அரசியலமைப்பிலும் ஒரே கையின் சுவடு காணப்படுதல் இவ்வேற்றுமையை மேலும் வியப்புக்குரியதாக்குகின்றது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தராயிருந்து டி. எஸ். சேனநாயக்காவுக்கு அரசியலமைப்பு ஆலோசனை வழங்கிய சேர் ஐவர் ஜெனிங்ஸ், மலாயாவுக்கு அரசியலமைப்பு வகுத்த றீட் ஆணைக்குழுவின் ஐவருள் ஒருவர். சட்டம் எழுதத் தெரிந்தவரின் திறமை இரு நாட்டுக்கும் பொதுவாயிருந்தது. வேறுபட்டது பேரம் பேசும் நிலை. இலங்கையில் தோட்டத் தமிழரின் துணையின்றியே ஆட்சி அமைக்க முடிந்தது. அவர் வாக்கு இடதுசாரிகளுக்கு வலிமை தந்தமையால் அதனை நீக்குவதில் ஆளுங் கட்சிக்கு இலாபமும் இருந்தது. மலாயாவிலோ, வாக்குரிமையில் மெலிந்திருந்த சீனர் சங்கமும் இந்தியக் காங்கிரசும், 1955 இல் மலாய் வாக்காளர் தந்த 17 இடங்களின் வலிமையாலேயே கூட்டணிக்குள் அமர்ந்து பேரம் பேசின. மலாயரின் விசேட நிலை அரசியலமைப்பின் 153 ஆம் உறுப்பில் இடம்பெற்றது. மலாய் தேசிய மொழியாயிற்று. அதற்கு ஈடாக, விடுதலை நாளிலும் அதற்குப் பின்னும் அம்மண்ணிற் பிறப்போர் பிறப்பாலே பிரசைகளாயினர். பல்லாண்டு வசித்தோர் பதிவினாற் பிரசைகளாயினர். முதலோராண்டுக்கு மொழித் தேர்வும் விலக்கப்பட்டது. பல இலட்சம் பேர் பதிந்தனர். இந்தப் பேரத்தின் இரு பகுதிகளும் பின்னர்ப் பெருஞ் சச்சரவுக்குக் காரணமாயின. 1969 மே மாதத்துக் கலவரத்தை அறிந்தோர் இதனை மறுக்கார். ஆயினும் 1955 இன் 51 என்னும் எண்ணுக்கு வாக்களித்தோரும் வாக்களியாதோரும் ஒருங்கே ஈட்டிய பொருள் இப்பேரத்திலேயே உள்ளது. இலங்கையில் இழந்த உரிமையைத் தோட்டத் தமிழர் முற்றாக மீட்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

1959 ஆகஸ்தில் மலாயா மீண்டும் வாக்களித்தபோது இடாப்பு உருமாறியிருந்தது. சீன வாக்காளர் நூற்றுக்கு 36 அளவினராய் உயர்ந்திருந்தனர். கூட்டணியின் வாக்கு நூற்றுக்கு 82 அளவிலிருந்து 52 அளவுக்கு இறங்கிற்று. 104 இடங்களில் 74 கிடைத்தன. கிரியானில் ஒருவராய் நின்ற இஸ்லாமியக் கட்சி 13 இடங்களைப் பெற்றது. டத்தோ ஓன் திரங்கானுவிலே ஒரு தொகுதியில் வென்று, தாம் தோற்ற சபையின் வழிவந்த பாராளுமன்றத்துள் நுழைந்தார். 1962 இல் அவர் மறைந்தார். ஈப்போ நகரிலே, இலங்கைத் தமிழ் மரபினரான சீனிவாசகம் சகோதரர் நடத்திய முற்போக்குக் கட்சிக்கு 1955 இற் கிடைத்தவை ஓராயிரத்தின் அளவான வாக்குகளே. 1957 நவம்பரில் அங்கே இடைத்தேர்தல் வந்தது. டி. ஆர். சீனிவாசகம், பெரும்பாலும் சீனரின் வாக்கால், கூட்டணியின் அபேட்சகரைத் தோற்கடித்துச் சபை புகுந்தார். 1959 இல் அவர் கட்சி நான்கு இடங்களைப் பெற்றது.